குழி எச்-12

ஆண் கொசு கடிக்காது.
இந்த ஒரு வாக்கியத்தை
ஈசூனில் நாலு மொழியில் சொல்லியிருக்கிறேன்.
மூன்றில் நன்றாகவே வரும்.

பதினோராம் மாடி. கம்பிக்கதவுக்கு அப்பால்
மாக்சிக் நூராய்னி முழங்கையைத் திருப்பிக் காட்டினார்.
சிவந்து தடித்த ஒரு வட்டம்.
“அப்படியென்றால் இது யார்?”
அதற்கு என்னிடம் துண்டுப்பிரசுரம் இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் வேன் வரும்.
மின்தூக்கி வாசலில் குழாயைத் தட்டிக் கவிழ்த்தால்
புகையாய் எழும்பும் ஆண்கள்,
ஒவ்வொருவன் உடம்பிலும்
வாடகை தராமல் குடியிருக்கும் பாக்டீரியா.
அவனைச் சேர்ந்தவள் இடும் முட்டை பொரிக்காது.
அவ்வளவுதான் திட்டம்.

“அது எங்கள் ரத்தத்துக்குள் வந்துவிடாதா?”
கேட்டவர் திரு சியோவ், முன்னாள் பேருந்து ஓட்டுநர்,
இரண்டு முறை டெங்கி கண்டவர்.
நியாயமான கேள்வி.
அதனால்தான் ஊசியோடு போனோம்:
நாற்பத்தேழு வீடு, நாற்பத்தேழு கை,
ஆளுக்கு ஐந்து மில்லிலிட்டர்,
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி
ஒரு பாக்கெட் மைலோ.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
ஒருவருக்கு இரண்டு என்றால் தொண்ணூற்று நான்கு.
ஒன்றில் வெறும் உப்புநீர்.
கடைசிக் குழியைக் காலியாக விட மனமில்லாமல்
என் ரத்தத்தை விட்டேன்.

வோல்பாக்கியாவை முன்பே பார்த்த ரத்தம்
மஞ்சளாகும்.
பார்க்காதது தண்ணீராய் நிற்கும்.

அமிலம் சேர்த்தேன்.
மாக்சிக், தெளிவு.
திரு சியோவ், தெளிவு, இரண்டு குழியும்.
எட்டு மாதம் அந்தப் புகைக்குள் துணி உலர்த்தியவர்கள் எல்லாரும்
ஒன்றுமே நடக்காத முகத்தோடு.

எச்-12 மட்டும்
கொன்றைப்பூ.

“பிப்பெட் முனையை மாற்றியிருக்க மாட்டாய்,” என்றாள் ஷி யுன்.
மறுநாள் அவளே செய்தாள். மஞ்சள்.
அடுத்த நாள் புதுத் தட்டு, அதுவும்.

கூண்டுக்குள் நான் கைவிட்டதே இல்லை.
அங்கே பெண்களுக்குப் பன்றி ரத்தம்,
இளஞ்சூட்டில், மெல்லிய சவ்வுக்குப் பின்னால்.

“சின்ன வயதில் எங்கே இருந்தாய்?”
கும்பகோணம். ஒன்பது வயதுவரை.
வருடத்தில் ஒரு நாள் வகுப்புக்கே மாத்திரை கொடுப்பார்கள்,
யானைக்கால் வராமலிருக்க.
நாக்கடியில் ஒளித்து
ஜன்னலுக்கு வெளியே துப்பினேன்.
இப்போது கதவு கதவாய்ப் போய்
பயப்படாதீர்கள், நம்புங்கள் என்று சொல்கிற நான்தான்.

எந்தக் கொசுவோ, எந்த ராத்திரியோ,
நூல் போன்ற ஒரு புழுவை
எனக்குள் தைத்துவிட்டுப் போயிருக்கிறது.
புழுவுக்குள் ஒட்டுக்குடித்தனம்
இதே குலத்துப் பாக்டீரியா.
கால் வீங்கவில்லை.
காய்ச்சல்? எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்ததுதான்.
புழு செத்தது, உள்ளே இருந்தவனும் செத்தான்.
இரண்டு சாவுக்கும் தீட்டுக் காக்காமல்
நான் விமானம் ஏறினேன்.

ரத்தம் மட்டும்
பழைய குடித்தனக்காரன் பெயரை அழிக்காமல் வைத்திருக்கிறது.
முப்பத்தொரு வருடம் தாங்குமா?
ஷி யுன் நம்பவில்லை.
எனக்கும் பாதிதான்.

அறிக்கையில் எழுதினோம்:
பங்கேற்ற நாற்பத்தேழு பேரில்
எவருக்கும் எதிர்ப்புரதம் இல்லை.
உண்மை. எச்-12 பங்கேற்கவில்லை.
சும்மா ஓர் இடத்தை அடைத்தது.

மறுபடி பதினோராம் மாடி.
“உங்கள் ரத்தம் அதைப் பார்த்ததே இல்லை,” என்றேன்.
“நல்லது,” என்றார் மாக்சிக், கம்பியில் விரல் கோத்து.
“உன்னுடையது?”

நாலு மொழியில் எதிலும் உடனே வரவில்லை.

மின்தூக்கி வந்தது.
உள்ளே எனக்கு முன்பே ஒரு கொசு.
மீசையைப் பார்த்தால் தெரியும், ஆணா பெண்ணா என்று.
பார்க்கவில்லை.
சட்டைக்கையை
இறக்கிவிட்டுக்கொண்டேன்.